அண்ணன் போட்ட கேஸ்

1

இந்த மாதத்தோடு நான் ஓமான் நாட்டுக்கு வந்து ஏழு வருஷம் முடிகிறது. ஏழு வருஷம் முடித்தவர்களுக்கு எங்கள் முகாமில் ஒரு கைக்கடிகாரம் கொடுப்பது வழக்கம். போன வியாழக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் நான்கு பேரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். மற்ற மூன்று பேரும் மைக்கில் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசினார்கள். ஒருவர் பாட்டே பாடினார். என் முறை வந்தது. அரபியில் "சுக்ரன்" என்று நன்றி சொல்ல வேண்டும். காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தபோது இந்தியில் "சுக்ரியா" என்று வந்தது. கூடம் முழுவதும் சிரித்தது. நான் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். திண்டிவனத்தில் பத்தாவது வரை படித்தேன். வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எழுந்து நின்று தரையைப் பார்ப்பேன். பேச முடியாத ஒரு விஷயம் ஒன்றரை வருஷமாக என்னிடம் இருக்கிறது. அதை எழுதிப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன். தப்பு இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மஸ்கட்டிலிருந்து பாலைவனத்துக்குள் லாரியில் ஏழு மணி நேரம் போனால் எங்கள் முகாம். பூமிக்குள்ளிருந்து எண்ணெய் வரும்போது அதனோடு கேஸும் கலந்து வரும். இரண்டையும் இங்கே பிரிக்கிறார்கள். எண்ணெய் குழாய் வழியாகக் கடற்கரைக்குப் போய்க் கப்பல் ஏறுகிறது. கேஸை எடுத்துப்போக இங்கே வழி இல்லை. அதனால் ஒரு உயரமான இரும்புக் கம்பத்தின் உச்சியில் அதைக் கொளுத்தி விடுகிறார்கள். நான் வந்த நாளிலிருந்து அந்தத் தீ ஒரு நாளும் அணைந்து பார்த்ததில்லை. அதற்குக் கீழே உள்ள குழாய்களில் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது என் வேலை. ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து மறு முனைக்குப் போவதற்குள் முதல் முனையில் துரு வந்துவிடும்.

எங்கள் மேஸ்திரி சலீம் இந்த ஊர்க்காரர். வெள்ளை அங்கியில் ஒரு பொட்டு எண்ணெய் படாமல் வேலை வாங்குவார். அவர் அடிக்கடி ஒன்று சொல்வார். "கலாஸ்" என்றால் அரபியில் தீர்ந்தது என்று அர்த்தம்.

"ஏழுமலை, இந்த எண்ணெய் ஒரு நாள் கலாஸ். எண்ணெய் கலாஸ் ஆனால் நீயும் கலாஸ். ஊருக்குப் போய் மாடு மேய்ப்பாய்."

"நீங்கள்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நான் ஒட்டகம் மேய்ப்பேன். என் தாத்தா அதைத்தானே செய்தார்" என்று சிரித்தார்.

எண்ணெய் உண்டாகக் கோடிக்கணக்கான வருஷம் ஆகும், எடுத்துவிட்டால் மறுபடி ஊறாது என்று எஞ்சினீயர்களும் பேசிக்கொள்வார்கள். தீர்ந்துபோகிற ஒரு பொருளை நம்பித்தான் இத்தனை ஆயிரம் பேர் வீட்டை விட்டு வந்து இருக்கிறோம். அந்தக் கம்பத்தின் உச்சியில் ஒரு நாளில் எரிந்து வீணாகிற தீயைக் கொண்டு எங்கள் ஊரில் எத்தனை வருஷத்துக்குச் சோறு வடிக்கலாம் என்று பெயிண்ட் அடித்துக்கொண்டே நினைப்பேன். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு ஆளுக்கு ஒரு குழாய் வரிசை. காலை முதல் சாயங்காலம் வரை தீயின் சத்தம் மட்டும் கேட்கும், பெரிய துணியை உதறுவது போல.

2

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் ஏறி, ரோட்டில் இறங்கி இரண்டு மைல் நடந்தால் எங்கள் ஊர். அங்கே நானும் என் அண்ணன் வேலாயுதமும் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரு காலி இடம். அது கூட்டுப் பட்டா. அண்ணனிடம் ஒரு ஜோடி உழவு மாடும் இரண்டு கறவையும் உண்டு. எங்களுக்கு ஒரு பசு.

என் மனைவி சரோஜா சவுக்கு மிலாறுச் சுள்ளி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் தோல், வறட்டி, எது கிடைத்ததோ அதை வைத்து எரிப்பாள். மழை பெய்தால் எல்லாம் நமுத்துப் புகையாகப் போகும். இரண்டாவது தடவை நான் லீவில் போயிருந்தபோது அவளுக்கு இருமல் இருந்தது. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "புகையில் உட்காராதேம்மா" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் சரோஜா, "பொகையில உக்காராத எந்த ஊர்லங்க சோறாக்கறாங்க?" என்றாள். நான் தினமும் நின்றுகொண்டிருக்கும் இடத்தை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அதே லீவில்தான் அண்ணனோடு ஒரு சின்ன மனத்தாங்கலும் வந்தது. பின்னால் உள்ள பொது இடத்தில் ஒரு குளியல் அறை கட்டலாம் என்றேன். "அப்ப மாடு எங்கடா கட்டறது? அடுத்த தபா பாத்துக்கலாம் வுடு" என்றார் அண்ணன். அவ்வளவுதான். நானும் சரி என்றேன். ஆனால் இங்கே வந்த பிறகு, பெயிண்ட் அடிக்கும்போது, அந்த வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. ஊரில் இருந்திருந்தால் மறுநாள் வேறு பேச்சு வந்து அதை அழித்திருக்கும். இங்கே வேறு பேச்சு கிடையாது. ஒரு வார்த்தையை இரண்டு வருஷம் வைத்துச் சுரண்டலாம்.

வீட்டுக் கடிதம் எல்லாம் என் மகள் வசந்திதான் எழுதுவாள். அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். சரோஜாவுக்கு எழுத வராது. அண்ணனுக்கும் படிப்பு இல்லை. போன வருஷம் பொங்கல் கழித்து வசந்தியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மழை, பரீட்சை, தம்பி குமார் பல் விழுந்தது, எல்லாம் எழுதி, கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் சின்ன எழுத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

"பெரியப்பா நம்ம பொது இடத்துல கேஸ் போட்டிருக்காரு. ஆபீசர் வந்து இடத்தை அளந்துட்டுப் போனாரு. உங்க கையெழுத்து வேணுமாம். பேப்பர் வந்ததும் அனுப்புறேன்."

3

என் அறையில் என்னோடு இருந்தவர் ரங்கசாமி. சேலம் பக்கம். லாரி ஓட்டுகிறார். ஊரில் ஒரு கிணற்றுக்காகப் பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தவர். கடிதத்தை அவரிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

"போச்சு. பொது இடத்துல கேஸ் போட்டாச்சு. ஆபீசர் அளந்தாச்சு. கோர்ட்டுல கமிஷன் வச்சிருக்காங்கய்யா."

"எங்க அண்ணன் அப்படிச் செய்ய மாட்டாருங்க."

"எல்லார் அண்ணனும் செய்ய மாட்டாரு. நாம ஊர்ல இருக்கற வரைக்கும். உங்களுக்கும் அவருக்கும் அந்த எடத்துல ஏதாச்சும் பேச்சு வந்துச்சா?"

குளியல் அறை விஷயத்தைச் சொன்னேன்.

"அப்புறம் என்ன! நீங்க இங்க கெடந்தா கேஸு எக்ஸ்பார்ட்டி ஆயிரும். ஆள் வரலைன்னு அவருக்கே எழுதிக் குடுத்துருவாங்க. மொதல்ல சூடா ஒரு லெட்டர் போடுங்க. பயப்படட்டும்."

மூன்று நாள் யோசித்தேன். யாரிடமும் கேட்க முடியாது. எங்கள் ஊரில் போன் கிடையாது. வசந்திக்கு எழுதிக் கேட்டுப் பதில் வர ஒரு மாதம் ஆகும். அதற்குள் என்னென்னவோ நடந்துவிடும் போல இருந்தது. வேலையில் நிற்கும்போது அண்ணன் விழுப்புரம் கோர்ட்டில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் மஞ்சள் பையோடு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. நேரில் பார்த்தது மாதிரியே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விடுமுறையில் உட்கார்ந்து அண்ணன் பெயருக்கே எழுதினேன். நேரில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவன் நான். காகிதத்தில் எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது.

"நான் இல்லாத நேரம் பார்த்து நீ பொது இடத்தில் கேஸ் போட்டது தெரிந்தது. அந்த இடத்தை நீயே வைத்துக்கொள். இனிமேல் உன் வாசலை மிதிக்க மாட்டேன். நீ எனக்கு அண்ணன் இல்லை. பங்காளி."

கடைசி வார்த்தையை எழுதிவிட்டுப் பேனாவை மூடியபோது மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

4

அந்தக் கடிதம் போய் ஐந்தாம் நாள் வசந்தியிடமிருந்து தடித்த கவர் வந்தது. உள்ளே அரசாங்க முத்திரை போட்ட காகிதம். சம்மன் என்று நினைத்தேன். மடிப்பைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன். ரங்கசாமி பிடுங்கிப் படித்தார். பாதி படித்து நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"அட, ஏனுங்க ஏழுமலை. இது கேஸ் இல்லீங்க. கேஸ்!"

"என்னது?"

"சாணி கேஸுங்க. மாட்டுச் சாணியில அடுப்பெரிக்கற கேஸ். ஒன்றிய ஆபீஸ்ல இருந்து வந்திருக்குது. கூட்டுப் பட்டாவுல கட்டறதுக்கு உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து கேக்கறாங்க."

அவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் விழுந்து சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கவருக்குள் வசந்தியின் கடிதமும் இருந்தது. ஒன்றிய ஆபீஸ் கிராம சேவக் வந்து சாண எரிவாயுவைப் பற்றிக் கூட்டம் போட்டாராம். நிலக்கரியும் மண்ணெண்ணெயும் ஒரு நாள் தீர்ந்துபோகும், மாடு இருக்கிற வரைக்கும் இது தீராது என்றாராம். ஊரில் சிரித்தார்களாம். "மாட்டுக்கு வாயு புடிச்சா அதுல கொழம்பு வெக்கறதா?" என்று கேட்டார்களாம். ஐந்து மாடு இருந்தால்தான் திட்டத்தில் சேர்ப்பார்கள். பெரியப்பாதான் எழுந்து, "எங்க தம்பி பொண்டாட்டி இருமிக்கினே கெடக்குது. எம்மாடு நாலும் அதும்மாடு ஒண்ணும் சேத்து ரெண்டு வூட்டுக்குமா எழுதிக்கோ" என்றாராம். மார்ச்சுக்குள் முடித்தாக வேண்டும் என்று சேவக் அவசரப்படுத்தியதால், கையெழுத்து பிறகு வரட்டும் என்று பெரியப்பாவே கடப்பாரை எடுத்துக் குழி வெட்ட ஆரம்பித்துவிட்டாராம். இரண்டு சமையலறைக்கும் இரண்டு குழாய். "நீங்க வர்றப்ப கேஸ்ல காபி போட்டுத் தரணும்னு பெரியப்பா சொல்றாரு."

என் கடிதம் அப்போது வானத்தில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. போய்ச் சேர இன்னும் பத்து நாள் இருந்தது.

தந்தி கொடுத்தால் மூன்று நாளில் போய்விடும். முகாம் ஆபீஸில் எழுதிக் கொடுத்தால் மஸ்கட்டிலிருந்து அனுப்புவார்கள். போனேன். கிளார்க் நிமிர்ந்து பார்த்து, "எஸ்?" என்றார். எங்கள் ஊருக்குத் தந்தி என்றால் சாவுதான். தந்திக்காரர் தெருவில் திரும்பியதுமே சரோஜா மயங்கி விழுந்துவிடுவாள். அதோடு, தந்தியில் ஆங்கிலத்தில் என்ன எழுதுவது? அண்ணனுக்கு நான் எழுதியதைப் படிக்காதே என்று எழுதினால் கிளார்க் ஏன் என்று கேட்பார். நான் அவரிடம் கேஸ் கதையைச் சொல்ல வேண்டும். அவர் எல்லோரிடமும் சொல்லுவார்.

"ஸ்டாம்ப்" என்றேன். இரண்டு ஸ்டாம்ப் கொடுத்தார்.

மறுநாளும் போனேன். ஸ்டாம்ப் வாங்கி வந்தேன். மூன்றாம் நாளும் போனேன். "நிறைய கடிதம் எழுதுகிறாய் போலிருக்கிறதே" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

ஆட்சேபணை இல்லை என்ற அந்தக் காகிதத்துக்கு மட்டும் இரண்டு நாள் லீவு போட்டு மஸ்கட் போய், தூதரகத்தில் வரிசையில் நின்று, முத்திரை வாங்கி அனுப்பினேன். கையெழுத்துப் போடத் துணிச்சல் தேவையில்லை. காட்டிய இடத்தில் போட்டால் போதும்.

5

அப்புறம் நடந்ததை அடுத்த லீவில் போனபோது வசந்தி சொல்லித்தான் முழுதாகத் தெரிந்தது. அதுவரை கடிதத்தில் அவள் எதையும் எழுதவில்லை. "பெரியப்பா சாணி போடறதில்லை. கேஸ் நின்னுபோச்சு" என்று மட்டும் எழுதியிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டு அண்ணனுக்கு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை.

என் கடிதம் போய்ச் சேர்ந்தது, முதல் தடவை அடுப்பு எரிந்து இரண்டாம் நாளாம். குழிக்கு மேலே கவிழ்த்த இரும்புத் தொப்பி கேஸ் சேர்ந்தால் தானாக மேலே ஏறும், எரித்தால் இறங்கும். ஊரே வந்து தொப்பியைப் பார்த்துவிட்டுப் போனதாம். குமார் அதன் மேல் கோலி குண்டை வைத்து ஏறுகிறதா என்று காலையிலிருந்து காத்துக் கிடந்தானாம். அந்த நேரத்தில் தபால்காரர் வந்திருக்கிறார். அண்ணன் கவரைக் கையில் வாங்கி, "எம்பேருக்கே போட்டுகிறான் பாரு" என்று சந்தோஷமாக வசந்தியிடம் கொடுத்திருக்கிறார்.

"எனக்கு முதல் வரி படிச்சதும் கண்ணு இருட்டிக்கினு வந்துச்சிப்பா" என்றாள் வசந்தி.

"அப்புறம்?"

"மாத்திப் படிச்சேன். 'பொது இடத்தில் கேஸ் போட்டது தெரிந்தது'ன்னு இருந்துச்சி இல்ல? 'தெரிந்து ரொம்ப சந்தோஷம்'னு படிச்சேன். அப்புறம் நானே சொல்லிக்கினே போனேன். அண்ணன் மாதிரி யாருக்கு வரும்னு எழுதியிருக்கீங்கன்னு சொன்னேன்."

"அவரு?"

"அழுதுட்டாருப்பா. துண்டால மூஞ்ச தொடச்சிக்கினு, 'அந்த எடத்த இன்னொரு தபா படி'ன்னாரு. நான் என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. ஏதோ சொன்னேன்."

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணன் மறுநாள் காலையில் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரோட்டு முனையில் கோவிந்தன் டீக்கடைக்குப் போயிருக்கிறார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பேப்பர் படிக்கிறவர்கள் எல்லோரும் இருக்கிற நேரம். "வெளிநாட்லருந்து எந்தம்பி இன்னா எழுதிகிறான், சத்தமா படிங்க, எல்லாரும் கேக்கட்டும்" என்று பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் நீட்டியிருக்கிறார். அவர் சத்தமாகத்தான் படித்தாராம். பங்காளி என்ற வார்த்தை வரைக்கும்.

அண்ணன் டீயைக் குடிக்காமல் வந்துவிட்டாராம். வீட்டுக்கு வந்து வசந்தியைப் பார்த்து, "பெரியப்பாவுக்காகப் பொய் சொன்னியா கண்ணு" என்று மட்டும் கேட்டாராம். அப்புறம் பின்பக்கம் போய்த் தன் வீட்டுச் சமையலறைக்குப் போகும் குழாயின் வால்வை மூடினார். மாடுகளை அவிழ்த்துக் கொண்டுபோய்க் கழனியிலேயே கொட்டகை போட்டுக் கட்டிவிட்டார். எங்கள் ஒரு பசுவின் சாணி குழிக்கு எந்த மூலைக்கும் போதாது. தொப்பி நாலு நாளில் இறங்கிக் குழியோடு குழியாகப் படிந்துவிட்டது. அண்ணி திரும்பவும் விறகுக்குப் போனார்கள். சரோஜாவும் போனாள்.

"நீ போய் அண்ணன்கிட்ட சாணி கேக்க வேண்டியதுதானே?" என்று சரோஜாவிடம் கேட்டேன்.

"எந்த மூஞ்ச வெச்சிக்கினு நான் போயி கூடைய நீட்டறது?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

குமாருக்கு அப்போது ஆறு வயது. அவன் ஒருவன் மட்டும்தான் இரண்டு வீட்டுக்கும் போய்வந்தான். நான் வாங்கிப் போயிருந்த பொம்மைக் காரை எடுத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அதைக் காட்ட நேராகப் பெரியப்பாவிடம் ஓடினான். நான் "இங்க வா" என்று கூப்பிடுவதற்குப் பதில் "தால்" என்று அரபியில் கூப்பிட்டேன் போலிருக்கிறது. திரும்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இவரு இன்னா சொல்றாரு?" என்று கேட்டான்.

6

வந்த மூன்றாம் நாள் கழனிக்குப் போனேன். அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி நின்றேன்.

"எப்ப வந்த?"

"முந்தாநேத்துண்ணா."

"ம்."

மாடு தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. வழியெல்லாம் யோசித்து வைத்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

"அண்ணா, அந்த லெட்டரு... வசந்தி கேஸுன்னு எழுதியிருந்தா. எனுக்கு அது கோர்ட்டு கேஸுன்னு பட்டுடுச்சி. சாணி கேஸுன்னு தெரியாது."

"தெரியும். வசந்தி சொல்லிச்சி. சேவக்கு சொன்னாரு. ஊரே சொல்லிச்சி, சிரிச்சிக்கினு."

"தெரிஞ்சுமா..."

அண்ணன் வாளியைக் கீழே வைத்தார்.

"ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம்ன்ற. செரி. உனுக்கு ஏன்டா மொதல்ல அந்த அர்த்தம் வந்துச்சி?"

பள்ளிக்கூடத்தில் நின்ற மாதிரி தரையைப் பார்த்தேன்.

"அப்பா செத்தப்ப உனுக்கு எட்டு வயசு. நான் ஏரு புடிச்சி ஒன்ன பத்தாவது வரிக்கும் படிக்க வெச்சன். எதுக்கு? பங்காளின்னு எழுத்துப்பிழ இல்லாம எழுதவா? கோயிந்தன் கடையில அத்தினி பேரு இருந்தாங்கடா. நாந்தான் சத்தமா படின்னு சொன்னன்."

"சாணிய நிறுத்த வேணாம்ணா. சரோஜாவுக்கு இருமல்..."

"சாணிக்குப் பேச வந்தியா, எனுக்குப் பேச வந்தியா?"

இரண்டுக்கும்தான் என்று சொல்லியிருக்கலாம். இப்போது தெரிகிறது.

"சாணி வேணும்னா வாரிக்கினு போ. மாடு போடறது. எனுக்கு அதுல ரோசமில்ல. ஆனா நான் கரைக்க மாட்டன். எம்பக்கத்துக் கொழாயும் தொறக்க மாட்டன்."

மறுநாள் காலையிலிருந்து நான் கூடையை எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனேன். நாலு மாட்டுச் சாணியை வாரித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். குழியை ஒட்டிய தொட்டியில் போட்டுக் காலால் மிதித்துக் கரைப்பேன். வெளிநாட்டுக்காரன் சாணி சுமக்கிறான் என்று தெருவில் பார்க்க நின்றார்கள். "இன்னா ஏழுமல, ஆயில் கம்பெனில வேலைன்னியே, இதான் ஆயிலா?" என்று கோவிந்தனே கேட்டான். சிரித்துக்கொண்டு போனேன். இந்த வேலையில் பேச வேண்டியதில்லை.

ஒரு விஷயம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இங்கே பாலைவனத்தில் எரிகிற கேஸுக்கு யாரும் யாரோடும் நன்றாக இருக்க வேண்டியதில்லை. பேச்சுவார்த்தை இல்லாத ஆயிரம் பேர் வேலை செய்தாலும், தீர்கிற வரைக்கும் அது எரியும். சாணி கேஸ் அப்படி இல்லை. கிராம சேவக் சொன்ன மாதிரி அது தீராததுதான். ஆனால் அதற்கு ஐந்து மாடு வேண்டும். எங்கள் ஊரில் ஐந்து மாடு என்றால் இரண்டு வீடு. ஒரு நாள் கலந்து ஒரு நாள் விட்டால் தொப்பி ஏறாது. தினமும் போட வேண்டும்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, தொட்டியில் கரைத்துக்கொண்டிருந்தபோது நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"தண்ணி ஜாஸ்தி ஊத்தற. சாணி எவ்ளோவோ தண்ணி அவ்ளோதான்."

"சரிண்ணா."

போய்விட்டார். அந்த லீவில் அவர் என்னிடம் தானாக வந்து பேசியது அது ஒன்றுதான்.

நான் கிளம்புவதற்கு ஆறு நாள் முன்னால் தொப்பி அசைந்தது. இரண்டு நாள் கழித்து அடுப்பைப் பற்றவைத்தோம். நீல நிறமாக, சத்தமே இல்லாமல் எரிந்தது. சரோஜா அதன் முன்னால் உட்கார்ந்து ஊதுகுழலைத் தேடினாள். பழக்கம். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக் கூரை இடுக்கிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அண்ணி ஈர மிலாறை ஊதுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. சரோஜா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். புகைக்காக இல்லை. எங்கள் அடுப்பு அவர்களுக்குத் தெரியக் கூடாது என்று.

7

இப்போது சரோஜாவும் வசந்தியும் காலையில் போய்ச் சாணி எடுத்து வருகிறார்கள். அண்ணன் தடுப்பதில்லை. மாட்டுக் கொட்டகையைக் கூட்டிச் சாணியை ஒரு பக்கமாகக் குவித்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுகிறாராம். சரோஜாவுக்கு இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது. இதையெல்லாம் வசந்தி எழுதுகிறாள். இப்போது அவள் "சாணி கேஸ்" என்று முழுதாக எழுதுகிறாள். மற்ற வார்த்தைகளைக்கூட யோசித்து யோசித்து எழுதுவது போலத் தெரிகிறது. கடிதம் சின்னதாகிவிட்டது. குமார் பெயரை மட்டும் எழுதியிருப்பான், இங்கிலீஷில்.

நான் மாதம் ஒரு கடிதம் அண்ணன் பெயருக்குப் போடுகிறேன். போன மாதம் வசந்திக்குத் தனியாக எழுதிக் கேட்டேன், பெரியப்பா அவற்றை என்ன செய்கிறார் என்று. பதில் வந்தது.

"பெரியப்பா உங்க லெட்டரை வாங்கிக்கிறாரு. ஆனா என்கிட்ட படிக்கக் கொண்டாரதில்லை. வேற யாருகிட்டயும் குடுக்கறதில்லை. பிரிக்காமலே கூரையில சொருகி வச்சிருக்காரு. அவரு பக்கத்து வால்வு மூடித்தான் இருக்கு. பெரியம்மாவுக்கும் இருமல் வந்திருக்கு."

இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. தீயின் கீழே நின்று யோசித்தேன். நான் அவரை ரகசியமாகத் திட்டியிருந்தால் ரகசியமாக மன்னிப்புக் கேட்கலாம். ஊர் நடுவில் அல்லவா படிக்கப்பட்டது. ஒட்டிய கவரில் என்ன எழுதினாலும் அது கூரைக்குத்தான் போகும்.

கோவிந்தன் கடையில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். எனக்குத் தெரியும். காலையில் டீ குடிக்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் சத்தமாகப் படிப்பது அங்கே வழக்கம். ஆகவே அங்கே இதைக் கையில் வைத்திருக்கிறவருக்கு என் வேண்டுகோள் இது. இந்தக் கடைசிப் பகுதியை மட்டும், தயவு செய்து ஒரு வார்த்தையும் மாற்றாமல், எல்லோருக்கும் கேட்கும்படி படியுங்கள்.

என் அண்ணன் வேலாயுதம் கேஸ் போட்டது என் மேல் இல்லை. என் மனைவி புகையில் உட்காரக் கூடாது என்று தன் கையால் குழி வெட்டிப் போட்டார். அவர் நல்லவர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கெட்ட அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்துக்கொண்டேன் என்று அவர் கேட்டதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. தூரத்தில் தனியாக இருக்கிறவனுக்கு அப்படித்தான் தோன்றும் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி என் மனசு. அந்தக் கடிதத்தைத் தடுக்கப் பத்து நாள் இருந்தது. வெட்கத்துக்குப் பயந்து ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் எனக்குப் பங்காளி இல்லை. அண்ணன்.

அண்ணா, என்னோடு பேச வேண்டாம். அண்ணி புகையில் உட்கார வேண்டாம். உன் பக்கத்து வால்வைத் திற.